பார்மர் வீதிச் சென்றி

தவநேசனின் பாதுகாப்பு விசா விண்ணப்பத்தை ஏற்கமுடியாது என்று தீர்ப்பாயத்திலிருந்து கடிதம் வந்ததற்கு மறுநாள் காலை, மெல்பேர்ணின் தென்கிழக்கில் அவன் வாடகைக்கு இருந்த பார்மர் வீதியின் முனையில், நகரசபை தவறாமல் வெட்டிவிடும் புல்லின் மேல், ஒரு இராணுவச் சென்றி, ஆமிக்காரன் நிற்கிற காவலரண், நின்றது. பனங்குற்றிகளை நிறுத்தி, அவற்றுக்கு முன்னால் மண்மூட்டைகளை நெஞ்சளவுக்கு அடுக்கி, மேலே துருப்பிடித்த தகரம் போட்டு, துவக்கு நீட்டுவதற்கு விட்ட ஓட்டை வீதியைப் பார்த்திருக்க, அவனுடைய ஊரில், வடமராட்சி மடத்தடிச் சந்தியில் எப்படி நின்றதோ அப்படியே நின்றது. உள்ளே ஆள் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். முதலில் கண்டது, இடியப்பம் அவித்து வீடுவீடாகக் கொடுக்கும் புஸ்பமலர் அக்கா. அவர் தள்ளுவண்டிலை நிறுத்தி, தோளில் கிடந்த பையைக் கழற்றி, அதன் வாயை விரித்து ஓட்டைக்கு நேரே காட்டி, பார்ப்பதற்கு யாரும் இல்லாததால் மறுபடியும் மூடிக்கொண்டு, இடியப்பம் ஆறுவதற்கு முதல் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே அவர் சொன்னது ஒரே ஒரு வசனம்தான். "முனையிலை சென்றி போட்டிருக்கு, பாத்துப் போங்கோ."

யார் போட்டது, எப்போது போட்டது என்று அந்த வீதியில் யாரும் கேட்கவில்லை. சென்றி என்பது கேட்டுப் போடுகிற சாமான் அல்ல. ரயில் நிலையத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள் பத்தடி முன்னதாகவே இறங்கி, தொப்பியைக் கழற்றி, நிலத்தைப் பார்த்தபடி உருட்டிக்கொண்டு போனார்கள். காரில் வந்தவர்கள் முன்விளக்கைத் தணித்து உள்விளக்கைப் போட்டார்கள். எதிர்ப்பக்கத்து ஆப்கான்காரர், ரொட்டிக்கடை வைத்திருப்பவர், யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்ணாடியை இறக்கி இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு ஊர்ந்தார். மூன்றாம் இலக்க வீட்டுப் பொஸ்னியாக்காரப் பெண் முகத்தைத் திருப்பாமல் மறுகரைக்குக் கடந்து, சென்றியைத் தாண்டியதும் திரும்பவும் இந்தக் கரைக்கு வந்தாள். ஒரு கிழமைக்குள் தபால்காரனும் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றப் பழகிவிட்டான். எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும் செய்யாமல் போனால் மரியாதையாக இருக்காது என்று அவன் புஸ்பமலர் அக்காவிடம் சொன்னானாம்.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. மடத்தடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவன், உள்ளே நிற்கும் ஆமிக்காரன் தலையை அசைக்கும்வரை மறுபடி ஏறமுடியாது. தலை அசைந்தால் ஏறலாம், அசையாவிட்டால் நிற்கவேண்டும். இங்கே அசைப்பதற்குத் தலை இல்லை. முதல் நாள் ஏழு பேர் சென்றியைத் தாண்டியும் ஏறாமல், சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, ஆறு நாற்பது ரயிலை விட்டுவிட்டார்கள். அன்று பின்னேரம் புஸ்பமலர் அக்கா அதற்கொரு வழி சொன்னார்.

"பத்து மட்டும் எண்ணிப்போட்டு ஏறுங்கோ. பதினொண்டுக்குக் காத்துக்கொண்டு நிண்டால் ரெயின் நிக்காது."

அதன்பிறகு காலை வேளைகளில் அந்த முனையில் தாழ்ந்த குரலில் எண்ணுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தமிழில் எண்ணினார்கள், ஆப்கான்காரர்கள் டாரியில் எண்ணினார்கள், தபால்காரன் ஆங்கிலத்தில் எண்ணினான், எண்ணி முடித்தவர்கள் ஏறிப் போனார்கள், வேலைகள் நடந்தன.

தவநேசன் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. கோழி வெட்டிப் பொதிசெய்யும் தொழிற்சாலைக்குப் போவதற்கு அவன் பின்வளவு வேலியின் உடைந்த பலகையை விலக்கி, கழிவுநீர் வாய்க்காலின் கரையால், இருபது நிமிடம் கூடுதலாக நடந்தான். அது தன்னுடைய சென்றி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பத்து எண்ணி ஏறுவது அவனால் முடியாத காரியம் என்பதும் தெரிந்திருந்தது.

மடத்தடிச் சந்தியில் அன்றைக்கு அவன் முன்னால் போனான், தம்பி கெங்காதரன் பின்னால் வந்தான். இரண்டு பேரும் இரண்டு சைக்கிள். இரண்டு பேரும் இறங்கி உருட்டினார்கள். உள்ளே நின்றவன் தவநேசனைப் பார்த்துத் தலையை அசைத்தான். தவநேசன் ஏறினான், மிதித்தான், வாசிகசாலை வளைவில் திரும்பிப் பார்த்தான். பின்னால் வீதி வெறுமையாக இருந்தது. தம்பியின் சைக்கிளின் பின்சில்லு மட்டும் மண்மூட்டைக்கு அப்பால் தெரிந்தது, அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு வருடங்களுக்குப் பிறகு ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் போய், தலையை அசைத்தவனின் முகத்தையும் தோள்பட்டைப் பட்டியையும் அவன் சொன்னான். அந்தக் கிழமையிலிருந்து அவனைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வரத்தொடங்கினார்கள். அவன் படகேறினான். மனைவி நிர்மலாவும் மகளும் இப்போதும் அங்கேதான் இருந்தார்கள். அந்த ஆட்களும் இப்போதும் வந்துபோனார்கள். விசா கிடைத்தால் அவர்களை அழைக்கலாம். கிடைக்காவிட்டால் அவனை விமானத்தில் ஏற்றி, அந்த ஆட்கள் இருக்கிற இடத்தில் இறக்குவார்கள்.

தீர்ப்பாயத்தின் கடிதத்தில் நாற்பத்தேழாம் பந்தி இப்படி இருந்தது. விண்ணப்பதாரர் முதல் நேர்காணலில் சென்றியை நடந்து கடந்ததாகக் கூறினார். இரண்டாவது நேர்காணலில் சைக்கிளில் கடந்ததாகக் கூறினார். வாழ்க்கையை மாற்றிய ஒரு சம்பவத்தில் இத்தகைய விடயம் மறக்கக்கூடியதல்ல. ஆகவே அவ்விடத்தில் ஒரு சென்றி இருந்தது என்பதையோ, அவருடைய சகோதரர் அங்கே தடுத்துவைக்கப்பட்டார் என்பதையோ நான் ஏற்கவில்லை.

இரண்டாவது கிழமை நகரசபையிலிருந்து ஆட்கள் வந்து, அனுமதியற்ற கட்டுமானம் என்று ஒரு மஞ்சள் தாளை மண்மூட்டையில் ஒட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது கிழமை லொறி கொண்டுவந்து எல்லாவற்றையும் பிரித்து ஏற்றினார்கள். மறுநாள் காலை அது திரும்பவும் நின்றது, மண்மூட்டை ஒரு வரிசை கூடியிருந்தது, மஞ்சள் தாளும் ஒட்டியபடியே இருந்தது. இன்னொரு தடவை பிரித்தார்கள். இன்னொரு வரிசை கூடியது. இப்படியே போனால் வீதிக்கு வந்துவிடும் என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கவேண்டும், நகரசபை அதற்கு ஒரு இலக்கம் கொடுத்து, சுற்றிவரப் புல்லை ஒழுங்காக வெட்டிவிட்டு, விட்டுவிட்டது.

மறுபரிசீலனை கேட்டு நீதிமன்றத்துக்குப் போக முப்பத்தைந்து நாள் தவணை. இருபத்தெட்டாவது நாள் சட்ட உதவி நிலையத்திலிருந்து இலேனி என்ற வழக்கறிஞர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கிரேக்கக் குடும்பம், எதையும் இரண்டு தடவை கேட்கிற பழக்கம். அவர் சென்றியைச் சுற்றி நடந்து பார்த்தார், பனங்குற்றியைத் தொட்டார், தகரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு தவநேசனின் சமையலறைக்கு வந்து இருந்து, இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றார்.

அவர் விளக்கினார், புஸ்பமலர் அக்கா தமிழில் சொன்னார். சென்றி இருந்ததா இல்லையா என்று நீதிபதி பார்க்கமாட்டார். தம்பி காணாமல் போனாரா இல்லையா என்றும் பார்க்கமாட்டார். இல்லை என்று சொன்ன தீர்ப்பாயத்து உறுப்பினர், அதைச் சட்டம் சொல்கிற முறைப்படி கேட்டுச் சொன்னாரா என்பதை மட்டும்தான் பார்ப்பார். தீர்ப்பாயத்தின் முன்னால் அன்றைக்கு இல்லாத எந்தச் சாட்சியையும் இன்றைக்குக் கொண்டுபோய் வைக்கமுடியாது.

புஸ்பமலர் அக்கா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"கண்ணுக்கு முன்னாலை நிக்குது, லொறி கொண்டுவந்தும் இழுக்கேலாமல் கிடக்குது. அதைப் பாக்கக்கூடாதாமோ? கண்ணை மூடிக்கொண்டு எழுதின தீர்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிக்கோணுமோ? இதைச் சொல்லு தவம் உன்ரை லோயருக்கு."

தவநேசன் சொல்லாமலே இலேனிக்கு அது விளங்கியிருக்கவேண்டும், ஆமாம் என்பதுபோலச் சிரித்தார். முறைப்படி நடக்காத ஒன்று வேண்டும், அது அந்த விசாரணையின் ஐம்பத்திரண்டு பக்க எழுத்துப்படிக்குள்ளேயே கிடக்கவேண்டும், தான் மூன்று தடவை வாசித்தும் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு எழும்பினார்.

போகும்போது அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தொழிற்சாலை பின்னேர வேலைமுறை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம். ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளில் வந்து, ஒரே இடத்தில் இறங்கி, ஒரே மாதிரித் தலையைக் குனிந்து உருட்டி, ஒரே இடத்தில் நின்று எண்ணி, மறுபடி ஏறினார்கள். இலேனி ஒன்பது பேர் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் இறங்குகிறார்கள் என்று கேட்டார்.

வாசலில் வேடிக்கை பார்க்க நின்ற அயலவர்களுக்குச் சிரிப்பு வந்தது. சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தவநேசனுக்கு வரவில்லை. அவன் வெளியே வந்தான், புஸ்பமலர் அக்கா இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

"மிஸ், சென்றியைக் கண்டால் இறங்கித்தானே போகோணும். ஆரும் சைக்கிளிலை இருந்துகொண்டு தாண்டுவினமோ? சுடுவாங்கள்."

"அப்படியென்றால் நீங்கள் அன்றைக்கு நடந்தா போனீர்கள், சைக்கிளிலா போனீர்கள்?"

"சைக்கிளிலைதான் போனது. நடந்துதான் தாண்டினது."

இலேனி பையைத் திறந்து நாற்பத்தேழாம் பந்தியை எடுத்து, அந்தப் படிக்கட்டிலேயே இருந்து, இன்னொரு தடவை வாசித்தார். இதை ஏன் அங்கே சொல்லவில்லை என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அதையே இன்னொரு தடவை கேட்டார்.

சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் தவநேசன் நினைத்திருந்தான். சோறு சாப்பிட்டேன் என்று சொல்கிறவன் வாயைத் திறந்தேன் என்று சேர்த்துச் சொல்வதில்லை. இறங்காமல் சென்றியைத் தாண்டுகிற மனிதர்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று, இவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள் என்று, அவனுக்குப் படவே இல்லை. ஆனால் ஒரு தடவை அந்த அம்மா, தீர்ப்பாயத்து உறுப்பினர், நடந்தா, சைக்கிளிலா என்ற இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று நினைத்து எழும்பினான்.

"எழும்பினனான் மிஸ். உருட்டிக் காட்டுவம் எண்டு. இருக்கச் சொல்லிப்போட்டினம்."

"எழும்பினீர்களா?"

"எழும்பினனான்."

எழுத்துப்படியில் அது இல்லை. எழும்புவதை யாரும் எழுதுவதில்லை. இலேனி ஒலிப்பதிவை வரவழைத்துக் கேட்டார். தொடங்கி ஒரு மணித்தியாலமும் பன்னிரண்டு நிமிடமும் ஆன இடத்தில், கதிரை பின்னால் இழுபடுகிற சத்தம் இருந்தது. அதன்மேல் ஒரு பெண்குரல், களைத்த குரல், தயவுசெய்து கதிரையில் இருங்கள், எனக்கு விளங்கிவிட்டது, அடுத்த விடயத்துக்குப் போவோம் என்றது. மறுபடி கதிரை. முப்பத்துநான்காவது நாள் மனு நீதிமன்றத்தில் பதிவானது. முக்கிய ஆதாரம் ஒரு கதிரையின் சத்தம்.

அதன்பிறகு பதினாலு மாதம் காத்திருக்கவேண்டியிருந்தது, அந்தப் பதினாலு மாதத்தில் சென்றி ஆள் வைக்கத் தயாராகிக்கொண்டு வந்தது. முதலில் பக்கத்தில் ஒரு தார்ப்பீப்பா வந்தது. பிறகு பீப்பாவின் மேல் ஒரு தகரக் குவளை வந்தது. புஸ்பமலர் அக்கா ஒரு நாள் காலை அதைத் தொட்டுப் பார்த்தபோது அடியில் தேத்தண்ணி இருந்தது, சூடாக இருந்தது. பிறகு ஒரு சோடி சப்பாத்து, முனைகள் வீதியைப் பார்த்திருக்க. மழை பெய்து முழு வீதியும் நனைந்தபோதும் அந்தச் சப்பாத்துகள் நனையவில்லை. இப்போது எண்ணுகிறவர்களின் குரல் இன்னும் தாழ்ந்துவிட்டது, சிலர் பத்துக்குப் பதிலாக இருபது எண்ணினார்கள், பொஸ்னியாக்காரப் பெண் வீடு மாறிப் போனாள். நிர்மலா தொலைபேசியில், அந்த ஆட்கள் இப்போது வாசலுக்கு வெளியே நிற்காமல் உள்ளே வந்து கதிரை கேட்டு வாங்கி அமர்கிறார்கள் என்றும், மகளை எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தார்கள் என்றும் சொன்னாள். எப்போது முடியும் என்று அவள் கேட்கவில்லை. முதல் வருடத்தோடு கேட்பதை விட்டுவிட்டாள்.

வழக்குக்கு முதல்நாள் பனங்குற்றியில் ஒரு ஆணி முளைத்திருந்தது, ஆணியில் ஒரு தாள் தொங்கியது. சிங்களத்தில் எழுதிய பெயர்ப்பட்டியல். முந்தி கொழும்பில் புடவைக்கடையில் வேலைக்கு நின்ற புஸ்பமலர் அக்காவுக்கு அந்த எழுத்துத் தெரியும். அவர் வாசித்துவிட்டு, வண்டிலை அங்கேயே விட்டுவிட்டு, பின்வளவு வேலியால் தவநேசனிடம் வந்தார். இரண்டே பெயர்தான் என்றார். முதல் பெயர் கெங்காதரன், அது கோடு போட்டு வெட்டியிருக்கிறது.

"மற்றது?" என்றான் தவநேசன்.

"வெட்டேல்லை" என்றார்.

நீதிமன்றம் ஒரு உயரமான கட்டடத்தின் ஏழாம் மாடியில், கம்பளம் விரித்து, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. தவநேசனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய தம்பியின் பெயர் இரண்டு தடவை சொல்லப்பட்டது, இரண்டு தடவையும் பிழையாக. இலேனி நாற்பது நிமிடம் பேசினார். பேச்சின் நடுவில் விண்ணப்பதாரரின் வீதிமுனையில் என்று ஏதோ சொல்லத் தொடங்கியபோது நீதிபதி கையை உயர்த்தி, அதை நான் பார்க்கப்போவதில்லை என்றார். ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். கதிரைச் சத்தம் அந்த அறை முழுவதும் கேட்டது. திரும்பப் போடச் சொன்னார், இன்னொரு தடவையும் போடச் சொன்னார். பிறகு அரசுத் தரப்பு வழக்கறிஞரைப் பார்த்து, எனக்கு விளங்கிவிட்டது என்று உறுப்பினர் சொல்கிறாரே, என்ன விளங்கியது என்று கேட்டார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் நல்ல இளைஞர், தாள்களைப் புரட்டினார், முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார், அது பதிவில் இல்லை என்றார்.

ஐந்து கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. விண்ணப்பதாரர் தன் பதிலைச் சொல்லி முடிக்கவிடப்படவில்லை, ஆகவே நிராகரிப்பு செல்லாது, விண்ணப்பம் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறது, வேறொரு உறுப்பினர் தொடக்கத்திலிருந்து கேட்கவேண்டும். இலேனி தொலைபேசியில் வென்றுவிட்டோம் என்றார். தவநேசனின் வீட்டில் கூடியிருந்தவர்களுக்குச் சந்தோஷப்படுவதா இல்லையா என்று தெரியவில்லை. விசா தந்துவிட்டார்களா என்று ஒருவர் கேட்டார். இல்லை, திரும்பக் கேட்கப்போகிறார்களாம் என்று தவநேசன் சொன்னான். அதையே கேட்கப்போகிறார்களா என்று இன்னொருவர் கேட்டார். அதையேதான் என்றான்.

"இவ்வளவு பாடும், உன்னை எழும்ப விடுறதுக்கோ" என்றார் புஸ்பமலர் அக்கா. ஆனாலும் கேசரி கிண்டினார்.

இரண்டாம் விசாரணை நாளன்று காலையில் தவநேசன் பின்வளவு வேலியால் போகவில்லை. முன்வாசலால் வந்து, வீதியால் நடந்து, சென்றிக்கு முன்னால் நின்றான். சப்பாத்து இருந்த இடத்தில் சப்பாத்து இல்லை. தகரத்துக்குக் கீழே இருட்டாக இருந்தது, அந்த இருட்டுக்குள் யாரோ மூச்சுவிடுவதுபோல் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். எண்ணவில்லை. ஒன்றும் அசையவில்லை. புஸ்பமலர் அக்கா வந்து, கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு, அவனுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆப்கான்காரரின் காரில் ஏற்றினார்.

அறை சின்னது. மேசைக்கு அந்தப் பக்கம் புதிய உறுப்பினர், வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி. பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர், அவரும் வடமராட்சி, பருத்தித்துறைக்காரர், ஆனால் தொழிலில் இருக்கும்போது ஊர் காட்டாதவர். மேசையின் நடுவில் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி. உறுப்பினர் சத்தியம் வாங்கினார், பெயர் கேட்டார், பிறந்த திகதி கேட்டார், எந்தப் படகு என்று கேட்டார். பதினொரு மணியளவில் மடத்தடிச் சந்திக்கு வந்தார். அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்றார். பிறகு தாளைப் பார்த்துவிட்டு, விரும்பினால் செய்தும் காட்டலாம் என்றார்.

தவநேசன் கதிரையைப் பின்னால் இழுத்து எழும்பினான். கதவடிக்குப் போனான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு ஹாண்டிலைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். இதிலை இறங்கவேணும் என்று சொல்லி, வலக்காலைப் பின்னால் தூக்கிப் போட்டு இறங்கினான். தலையைக் குனிந்தான். உருட்டத் தொடங்கினான். பின்சில்லின் ஃப்ரீவீல் டிக் டிக் என்று மெல்லச் சத்தமிட்டது. மொழிபெயர்ப்பாளர் பேனையை வைத்துவிட்டார். தன்னை அறியாமல் கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்து, கைகள் இரண்டையும் தெரியும்படி மேசையின் மேல் வைத்துக்கொண்டார். தவநேசன் கம்பளத்தின் மேலாக, கதிரையைத் தாண்டி, மேசைக்கு முன்னால் வந்து நின்றான். சத்தம் நின்றது.

உறுப்பினர் காத்திருந்தார். தவநேசன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"அடுத்தது என்ன?" என்று உறுப்பினர் கேட்டார்.

"நிக்கவேணும்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்கள் தலையை அசைக்கும்வரைக்கும்" என்றான் தவநேசன். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். நீங்கள் என்பதை அவர்கள் என்று மாற்றவில்லை.

சுவர்க்கடிகாரம் நகர்ந்தது. உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். என்ன செய்வதென்று தெரியாத ஒருவர் செய்வதுபோலச் சிறிதாகத் தலையை அசைத்தார்.

தவநேசன் ஏறவில்லை. ஹாண்டிலை விடாமல், கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பி, பின்னால் கதவுப் பக்கம், தம்பி வரவேண்டிய பக்கம், பார்த்தான், பார்த்தபடியே நின்றான். அங்கிருந்து இன்னொரு ஃப்ரீவீலின் சத்தம், இதைவிடக் கொஞ்சம் எண்ணெய் காய்ந்த சத்தம், கம்பளத்தின் மேல் வந்து அவனுக்குப் பின்னால் நின்றது. சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. உறுப்பினர் தவநேசனைப் பார்த்தார், அவன் பார்க்கிற இடத்தைப் பார்த்தார், தாளில் எதையோ எழுதப்போய் எழுதாமல் நிறுத்தினார். பிறகு, யாருக்கென்று கேட்காமல், இன்னொரு தடவை தலையை அசைத்தார்.